ஒற்றைக்கண்ணும் முப்பரிமாணத் தொலைக்காட்சியும்

உலகம் நமக்குத் திண்மமாகத் தோற்றுகின்றது. ஆனால் அதன் விம்பத்தை ஏற்கும் விழித்திரை ஒரு மெல்லிய படலமே. அதில் நீளமும் அகலமும் பதியும், ஆழம் பதிவதில்லை. பதியாத அந்த மூன்றாம் பரிமாணத்தை மூளை எவ்வாறு மீட்டெடுக்கின்றது என்ற வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் சாள்ஸ் வீற்ஸ்ரன். நம் இரு கண்களும் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. எனவே அவை ஒரே பொருளின் சிறிது வேறுபட்ட இரு தோற்றங்களைக் காண்கின்றன. அவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கின்றது என்பதை 1838 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகத்தின் முன் அவர் எடுத்துரைத்தார். இரு ஆடிகளைக் கொண்ட எளிய கருவியொன்றினால் வலக்கண்ணுக்கு ஒரு வரைபடத்தையும் இடக்கண்ணுக்கு வேறொரு வரைபடத்தையும் காட்டி, தட்டையான தாள்களிலிருந்து திண்மத் தோற்றத்தை எழுப்பிக் காட்டினார். அன்று தொட்டு இன்றுவரை தோன்றிய முப்பரிமாணக் காட்சிக் கருவிகளிற் பெரும்பாலானவை இவ்வொரு தத்துவத்தின் வழிவந்தவையே எனலாம்.

இவ்விடயத்தில் எனக்குள்ள ஈடுபாடு முற்றிலும் ஏட்டறிவால் விளைந்ததன்று. பிறவியிலேயே என் இடக்கண் சற்று உள்நோக்கித் திரும்பியிருந்தது. ஊரார் இதனை வாக்குக்கண் என்பர். சிறுவயதில் நல்ல கண்ணை மூடிக்கட்டி, சோம்பிய கண்ணைப் பழக்கினார்கள். கண் ஓரளவு நேராயிற்று. பார்வையும் ஓரளவு தேறியது. ஆயினும் இரு கண்களின் விம்பங்களையும் ஒன்றாய் இணைக்கும் ஆற்றல் என் மூளைக்கு வாய்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கண்ணின் செய்தியையே அது ஏற்கின்றது, மற்றதை ஒதுக்கிவிடுகின்றது. ஊசியில் நூல் கோப்பதற்கும், உயரத்திலிருந்து இறங்கும் துடுப்பாட்டப் பந்தைப் பிடிப்பதற்கும் எனக்குப் பிறரினும் அதிக முயற்சி வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒளியியல் பயிலத் தொடங்கிய பின்னரே, பிறர் காணும் ஏதோ ஒன்றை நான் காண்பதில்லை என்பதைத் திட்டமாக அறிந்தேன்.

என்னைப் போன்றோர் மிகச் சிலரல்லர். நூற்றுக்குச் சிலரேனும் இந்நிலையில் உள்ளனர். அமெரிக்க நரம்பியற் பேராசிரியையான சூசன் பரி அவர்களுள் ஒருவராயிருந்தவர். மாறுகண்ணுடன் வளர்ந்த அவர், தமது 48 ஆவது வயதில், இடையறாத கண்பயிற்சியின் பயனாக இருகண் ஆழப்பார்வையைப் பெற்றார். அவ்வனுபவத்தை 2009 இல் ஒரு நூலாகவும் எழுதினார். அவர் பெற்ற பேறு எனக்குக் கிட்டவில்லை. எனினும் ஆழமே அற்ற உலகில் நான் வாழ்கின்றேன் என்று எவரும் இரங்கவேண்டியதில்லை. அதற்குரிய காரணத்தைப் பின்னர் கூறுவேன். இக்கட்டுரையின் மையமும் அதுவே.

2009 ஆம் ஆண்டின் இறுதியில் ‘அவதார்’ திரைப்படம் வெளிவந்தது. அதன் வெற்றியைக் கண்ட தொலைக்காட்சி உற்பத்தியாளர் 2010 தொடக்கம் முப்பரிமாணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அவற்றைக் காண்பதற்கு மூக்குக்கண்ணாடி ஒன்று இன்றியமையாதது. ஒருவகைப் பெட்டியில் திரையிலிருந்து வரும் ஒளி இரு வேறு முறைகளில் முனைவாக்கப்பட்டது. கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை ஒளியையே உள்ளே விட்டது. மற்றொரு வகையில் வலப்படமும் இடப்படமும் மாறிமாறி விரைந்து தோன்ற, கண்ணாடியிலிருந்த திரவப் பளிங்குக் கதவுகள் அதற்கேற்பத் திறந்து மூடின. கொழும்பில் ஒரு கடையில் அத்தகைய பெட்டியொன்றின் முன் நின்றவர்களோடு நானும் நின்றேன். திரையில் ஒரு பறவை பறந்து வந்ததும் அருகில் நின்ற சிறுவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அவன் தாயார் சிரித்தார். நான் கண்டதோ, சற்று மங்கிய வழக்கமான ஒரு படத்தை மட்டுமே. விற்பனையாளர், "எப்படி சேர், தெரியுதா?" என்று வினவினார். "தெரியுது" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு தலைமுறையே வியக்கும் புதுமையின் வாயிலில் வெளியே நிறுத்தப்பட்டவனின் மனநிலையை இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை.

அப்பெட்டிகள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2013 இல் அமெரிக்காவின் ஈஎஸ்பீஎன் நிறுவனம் தன் முப்பரிமாண விளையாட்டு ஒளிபரப்பை நிறுத்தியது. அதே ஆண்டில் பிபிசியும் தனது முயற்சியை இடைநிறுத்தியது. 2017 அளவில் முன்னணி உற்பத்தியாளர் எல்லாரும் அவ்வகைப் பெட்டிகளைக் கைவிட்டனர். வீழ்ச்சிக்கு மூக்குக்கண்ணாடியே காரணம் என்று பலரும் கூறினர். உணவருந்திக்கொண்டும் உரையாடிக்கொண்டும் எழுந்து நடந்துகொண்டும் பார்க்கப்படுவது தொலைக்காட்சி. அதற்கெனத் தனிக் கண்ணாடி அணிவதை மக்கள் விரும்பவில்லை. ஆயின் கண்ணாடியை நீக்கிவிடுவதுதானே என வினவலாம். அவ்வாறு நீக்குவது எத்துணை அரிய செயல் என்பதைச் சற்று நோக்குவோம்.

கண்ணாடியில்லாத முறையின் வரலாறு தொலைக்காட்சியினும் பழையது. 1903 இல் அமெரிக்கரான பிரெடெரிக் ஐவ்ஸ் இதற்கொரு முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். வலப்படத்தையும் இடப்படத்தையும் ஒடுங்கிய நிலைக்குத்துக் கீலங்களாக வெட்டி, ஒன்றுவிட்டொன்றாக அடுக்கவேண்டும். அவற்றின் முன்னே சிறிது இடைவெளி விட்டு, நுண்ணிய பிளவுகளையுடைய ஒரு தடுப்பை நிறுத்தவேண்டும். பிளவினூடே நோக்கும் வலக்கண் ஒரு கீலத்தையும், இடக்கண் அதற்கடுத்த கீலத்தையும் காணும். மொஸ்கோவில் 1941 இல் செமியோன் இவானொவ் என்பவர் மெல்லிய செப்புக்கம்பிகளை ஆயிரக்கணக்கில் இழுத்துக்கட்டிய திரையொன்றைக் கொண்டு, கண்ணாடியின்றிக் காணும் படமாளிகை ஒன்றையே நிறுவினார். தொலைக்காட்சி முன்னோடியான ஜோன் லொகி பெயாட் 1928 இலேயே இருகண் தொலைக்காட்சியைச் செய்துகாட்டியவர். 1941 இல் கண்ணாடி வேண்டாத ஒன்றையும் காட்டினார். இவை யாவற்றிலும் பார்வையாளர் உரிய இடத்தில், உரிய நிலையில், தலை அசையாமல் அமரவேண்டியிருந்தது. நூறாண்டு கடந்தும் பொறியியலாளரை வருத்துவது இந்த ‘உரிய இடம்’ என்ற சிக்கலே.

இச்சிக்கலை எளிய கேத்திரகணிதத்தால் விளக்கலாம். ஒரு படப்புள்ளியின் அகலம் 0.2 மில்லிமீற்றர் என்றும், பார்ப்பவர் 3 மீற்றர் தூரத்தில் இருக்கின்றார் என்றும் கொள்வோம். அடுத்தடுத்த இரு படப்புள்ளிகளின் ஒளி 65 மில்லிமீற்றர் இடைவெளியில் உள்ள இரு கண்களையும் தனித்தனியே சென்றடைய வேண்டுமாயின், இயல்பொத்த முக்கோணிகளின்படி, தடுப்பானது படப்புள்ளிகளுக்கு 9 மில்லிமீற்றர் அளவு முன்னே நிற்கவேண்டும். இவ்வமைப்பில் திரைக்கு முன்னுள்ள வெளி 65 மில்லிமீற்றர் அகலமான வலயங்களாகப் பிரிந்துவிடும். வலம், இடம், வலம், இடம் என அவை மாறிமாறி வரும். தலையை ஒரு வலயம் பெயர்த்தால் வலக்கண் இடப்படத்தையும், இடக்கண் வலப்படத்தையும் காணும். அப்போது முன்னுள்ளவை பின்னும் பின்னுள்ளவை முன்னுமாக ஆழம் தலைகீழாகும். இரு வலயங்களின் எல்லையில் கண் நின்றால் ஒரு படம் மற்றதினுட் கசிந்து, பேயுருப்போல் இரட்டைத் தோற்றம் எழும். நின்டென்டோ நிறுவனம் 2011 இல் வெளியிட்ட கைப்பெட்டி இம்முறையையே கையாண்டது. அதன் மேற்றிரையில் 800 நிரல்கள் இருந்தன. கண்ணொன்றுக்கு 400 நிரல்களே கிடைத்தன. கையிற் பிடித்து ஒருவர் மட்டும் விளையாடும் கருவியாதலால், உரிய இடத்தை அவரே தேடிக்கொண்டார். வரவேற்பறையில் ஐவர் அமரும் தொலைக்காட்சிக்கு அது பொருந்தாது.

தடுப்பு ஒளியை மறைப்பதால் படம் மங்குகின்றது. எனவே தடுப்புக்குப் பதிலாக நிலைக்குத்தான உருளை வில்லைகளை வரிசையாகப் பதித்த தகட்டைத் திரையின் மீது ஒட்டும் முறை எழுந்தது. நல்லூர்த் திருவிழாக் கடைகளில் முன்பு விற்கப்பட்ட, நகத்தால் வருடினாற் கீச்சிடும் வரிவரியான பிளாஸ்ரிக் படங்களை நினைவுகூருவோர் இதன் தத்துவத்தை எளிதில் உணர்வர். என் அம்மம்மா வாங்கித் தந்த அத்தகைய படமொன்றில் மயிலுக்குப் பின்னே மலையொன்று இருந்தது. தலையை இடமும் வலமும் அசைக்கும்போது மயில் ஒருபுறமும் மலை மறுபுறமும் நகர்ந்தன. மயில் என் பக்கத்தே நின்றது. மலை தொலைவில் நின்றது. பின்னாளிற் கடையிலிருந்த விலையுயர்ந்த பெட்டி காட்டமறுத்த ஆழத்தை, சில ரூபாய் விலையுள்ள அப்படம் எனக்குக் காட்டியது.

இதன் காரணம் யாதெனின், ஆழத்தை அறிய இரு கண்களின் வேறுபாடு மட்டுமே வழியன்று. ஒரே கண் இடம்பெயரும்போதும் அண்மையிலுள்ளவை விரைந்தும் சேய்மையிலுள்ளவை மெல்லவும் நகர்கின்றன. புகைவண்டியில் யன்னலோரம் அமர்ந்தவர் தந்திக்கம்பங்களும் தொலைமலைகளும் நகரும் வேறுபாட்டை அறிவர். இதனை இயக்க இடமாறு தோற்றம் என்பர். ஒற்றைக்கண்ணர் தெருவைக் கடப்பதும், வண்டி ஓட்டுவதும், பந்து பிடிப்பதும் பெருமளவு இதன் துணையாலேயே. மூக்குக்கண்ணாடி முறைத் தொலைக்காட்சி இரு படங்களை மட்டுமே அனுப்புகின்றது. பார்ப்பவர் எவ்வளவு அசைந்தாலும் அவ்விரண்டும் மாறுவதில்லை. ஆகவே அது எனக்கு ஊமையாகிவிடுகின்றது. பல திசைகளுக்குப் பல தோற்றங்களை அனுப்பும் கண்ணாடியில்லாத் திரையோ, ஒற்றைக்கண்ணனுக்கும் ஆழத்தை உணர்த்தவல்லது. கண்ணாடியை நீக்குதல் வெறும் வசதிக்கான மாற்றம் என்று கருதுவோர் இவ்வுண்மையை மனங்கொள்ளல் வேண்டும்.

நிற்க, பல தோற்றங்களுக்குக் கொடுக்கவேண்டிய விலை பெரிது. தோற்றங்கள் எத்தனையோ அத்தனை பங்குகளாகத் திரையின் படப்புள்ளிகளைப் பகிரவேண்டும். 2010 டிசெம்பரில் யப்பானில் தொஷிபா நிறுவனம் 20 அங்குலப் பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டது. அதன் திரையில் 3840 நிரல்களும் 2160 நிரைகளுமாக 82 இலட்சத்துக்கு மேற்பட்ட படப்புள்ளிகள் இருந்தன. ஒன்பது தோற்றங்களுக்குப் பகிர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் எஞ்சியவை 1280 நிரல்களும் 720 நிரைகளுமே. அடுத்த ஆண்டில் வெளிவந்த 55 அங்குலப் பெட்டியில், கமரா ஒன்று பார்ப்பவர்களின் முகங்களைக் கண்டறிந்து வலயங்களை அவர்களுக்கேற்ப நகர்த்தியது. இது திறமையான தந்திரமே. எனினும் ஒன்பது தோற்றங்கள் ஒரு குடும்பத்துக்குப் போதா.

போதுமானவை எத்தனை? திரையிலிருந்து 3 மீற்றர் தூரத்தில் 3 மீற்றர் அகலத்துக்குள் குடும்பத்தினர் எங்கும் அமரலாம் எனக் கொண்டால், 65 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 46 தோற்றங்கள் வேண்டும். 82 இலட்சம் படப்புள்ளிகளை 46 ஆற் பிரித்தால் ஒன்றுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரமே கிடைக்கும். 720 நிரல்களும் 576 நிரைகளும் கொண்ட பழைய தொலைக்காட்சிப் படத்திற் பாதிகூட இல்லை. இன்று ‘8 கே’ எனப்படும் 3 கோடியே 31 இலட்சம் புள்ளித் திரையைக் கொண்டாலும் ஒன்றுக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் அளவே. ஆழத்தைப் பெறக் கூர்மையை இழக்கின்றோம். கடையில் இரு பெட்டிகளை அருகருகே வைத்தால் வாங்குபவரின் கண் கூர்மையான தட்டைப் படத்தையே நாடும்.

நுணுக்கத்தின் இடர்ப்பாடும் உண்டு. முற்கூறிய அமைப்பில் 1 மில்லிமீற்றர் அகலமான 1000 வில்லைகள் பக்கம்பக்கமாக உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் அகலத்திலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வழு நேருமாயின், அவ்வழுக்கள் கூடி மறு ஓரத்தில் 0.1 மில்லிமீற்றராகும். அது அரைப் படப்புள்ளி. பார்ப்பவர் இருக்கும் தூரத்தில் அது வலயத்தை 3 சென்ரிமீற்றருக்கு மேல் பெயர்த்துவிடும். அதாவது திரையின் ஓரிடம் சரியாகத் தோன்றும்போது மற்றோரிடம் பேயுருக்காட்டும். இதனோடு, படப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள கருமையான இடைவெளிகளை வில்லைகள் பெருப்பித்துக் கரும்பட்டைகளாகக் காட்டுகின்றன. வில்லைகளைச் சற்றுச் சாய்த்து அமைத்தால் இக்குறை குறைவதுடன், கூர்மை இழப்பும் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் பகிரப்படும் என்பதைப் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் காட்டினர். ஒன்பது தோற்றங்களைக் கிடையாக மட்டும் ஒன்பதாற் பிரியாது, இரு திசையிலும் மும்மூன்றாற் பிரிப்பது அவ்வழியிலேயே கைகூடியது. அந்நிறுவனமும் 2009 இல் இத்துறையிலிருந்து விலகியது.

இன்னுமொரு முரண்பாடு கண்ணினுள்ளேயே நிகழ்கின்றது. அண்மையிலுள்ள பொருளை நோக்கும்போது கண்கள் உள்நோக்கி ஒருங்குகின்றன. அதேவேளையில் கண்வில்லையும் தடித்து அத்தூரத்துக்குத் தன்னமைகின்றது. இவ்விரண்டும் பிறப்புத் தொட்டு இணைந்தே இயங்குவன. 3 மீற்றர் தூரத்துத் திரையிலிருந்து ஒரு பொருள் 1 மீற்றர் தூரத்துக்கு எழுந்து வருவதாகக் காட்டினால், கண்கள் 1 மீற்றருக்கு ஒருங்கவேண்டும். வில்லையோ 3 மீற்றரில் உள்ள திரைக்கே தன்னமைய வேண்டும். இப்பிணக்கு கண்ணயர்ச்சியையும் தலைவலியையும் விளைவிக்கும் என்பது 2008 இல் கலிபோர்ணியாவின் பேர்க்லி நகர ஆய்வாளர் நடத்திய பரிசோதனைகளாற் புலனாயிற்று. மூக்குக்கண்ணாடியை மட்டும் அகற்றுவதால் இத்துன்பம் அகலாது.

இவற்றுக்கெல்லாம் கொள்கையளவிலான தீர்வு யாது? மட்டக்களப்பு வட்டக்களரியில் ஆடப்படும் கூத்தைச் சுற்றிவர இருந்து காண்போரை எண்ணிப்பாருங்கள். கூத்தன் ஒருவனே; ஆயின் ஒவ்வொருவரும் தத்தம் திசைக்குரிய தோற்றத்தைக் காண்கின்றனர். எழுந்து மறுபுறம் சென்றால் மறுபுறத் தோற்றம் கிடைக்கின்றது. எவருக்கும் ‘உரிய இடம்’ என்பதில்லை. அக்களரியிலிருந்து எல்லாத் திசைகளிலும் புறப்படும் ஒளிக்கதிர்களின் தொகுதியை அவ்வாறே திரையொன்றிலிருந்து மீளப் பிறப்பித்தால் யாவும் தீரும். இவ்வெண்ணத்தை 1908 இல் முன்வைத்தவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் காபிரியேல் லிப்மன். அதே ஆண்டில் வர்ண ஒளிப்படவியலுக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். ஈயின் கண்ணைப் போன்று நுண்வில்லைகள் நெருங்கிய தகட்டின் பின்னே படத்தைப் பதித்து, அதே தகட்டினூடே காட்டவேண்டும் என்றார். அம்முறையில் ஆழம் தலைகீழாகத் தோன்றுவதைத் திருத்தும் வழியை 1931 இற் காட்டியவர் ஹேபேட் ஐவ்ஸ். முற்கூறிய பிரெடெரிக் ஐவ்ஸின் மைந்தர். யப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்எச்கே இன்றைய மிக நுண்ணிய திரைகளைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்து வருகின்றது. தலையை மேலும் கீழும் அசைத்தாலும், படுத்துக்கொண்டு பார்த்தாலும் இதில் ஆழம் நிலைக்கும். ஆனால் கிடைக்கு மட்டுமன்றி நிலைக்குத்துக்கும் தோற்றங்கள் வேண்டுமாதலால் படப்புள்ளிகளின் பசி பன்மடங்காகின்றது.

ஒளியலையையே மீளப் பிறப்பிக்கும் ஹொலோகிராம் முறை இதனினும் நிறைவானது. டெனிஸ் கேபர் 1947 இற் கண்டு, 1971 இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. அதிற் கண்ணின் ஒருங்கலும் தன்னமைவும் பிணங்குவதில்லை. ஆயின் ஒளியை இருபுறமும் 30 பாகை அளவுக்குக் கோணலுறச் செய்ய, திரையின் புள்ளிகள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த அரை மைக்கிரோமீற்றர் அகலத்தில் இருக்கவேண்டும். 1 மீற்றர் அகலமும் 0.6 மீற்றர் உயரமும் கொண்ட திரைக்கு அத்தகைய புள்ளிகள் 2.4 இலட்சம் கோடி வேண்டும். இது இன்றைய ‘8 கே’ திரையைப்போல் 72 ஆயிரம் மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நொடிக்குப் பலமுறை கணித்தும் அனுப்பியும் மாற்றும் வழி இன்னும் கைக்கெட்டவில்லை.

அனுப்புதலும் தனிச் சிக்கல். 46 கமராக்களை நிறுத்தி ஒரு பந்தாட்டத்தைப் படம்பிடிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே ஒன்றிரண்டு கமராக்களின் படத்தோடு ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணித்து அனுப்பி, மற்றைய தோற்றங்களைப் பெட்டியே ஆக்கிக்கொள்ளச் செய்தனர். ஆனால் ஒரு மனிதனின் பின்னே மறைந்திருப்பதை எந்தக் கமராவும் காணவில்லை. பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெளிப்படவேண்டிய அவ்விடத்தைப் பெட்டி ஊகித்தே நிரப்புகின்றது. ஊகம் தவறுமிடங்களில் உருவங்களின் விளிம்பிற் கலங்கல் தோன்றுகின்றது.

இவ்விடர்களாற் பொறியியலாளர் அண்மைக்காலத்தில் எளிய பாதையொன்றை நாடியுள்ளனர். சொனி நிறுவனம் 2020 இல் வெளியிட்ட சிறு திரையும், அதன்பின் வந்த பல கணினித் திரைகளும் பார்ப்பவர் ஒருவரின் கண்களைக் கமராவாற் பின்தொடர்ந்து, அவருக்குரிய இரு தோற்றங்களை மட்டும் அனுப்புகின்றன. ஒருவருக்கு இவை நன்கு பயன்படுகின்றன. தலை அசையத் தோற்றமும் மாறுவதால் என்னைப் போன்றோருக்கும் பயன்படக்கூடும். ஆயின் அருகில் வந்தமரும் இரண்டாமவருக்கு அவற்றில் இடமில்லை. தொலைக்காட்சி என்பது ஒரு கூடத்திற் பலர் கூடிக் காண்பது. அயல்வீட்டார் வந்து வாசலில் நின்று பார்த்த காலத்தை நம் மூத்தோர் அறிவர். அந்தக் கூட்டத்தைக் கைவிட்டு அடைந்த வெற்றியை, கண்ணாடியில்லாத் தொலைக்காட்சியின் வெற்றியாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஒவ்வொரு கருவியும் தன்னைப் பயன்படுத்துவோன் இவன் எனத் தனக்குள் ஒருவனைக் கற்பித்துக்கொள்கின்றது. முப்பரிமாணத் தொலைக்காட்சி கற்பித்துக்கொண்டவன் சமவலிமையுள்ள இரு கண்களுடன், நிமிர்ந்த தலையுடன், திரையின் நடுவே அசையாது தனித்திருப்பவன். அத்தகையோன் எந்த வீட்டிலும் நெடுநேரம் இருப்பதில்லை. ஓரத்திலிருப்போர், சாய்ந்து படுத்திருப்போர், நடமாடுவோர், மாறுகண்ணர் ஆகியோரே உண்மையான பார்வையாளர். ஆதலின் இத்துறையில் இறங்கும் நம் இளம் பொறியியலாளருக்கும் பௌதிகவியலாளருக்கும் நான் முன்வைக்கும் சோதனை எளியது. செய்த திரையின் முன் ஐவரை இருத்துங்கள்; அவர்களுள் ஒருவர் ஒரு கண்ணை மூடிக்கொள்ளட்டும்; பின்னர் எல்லாரும் தாம் விரும்பியவாறு அசையட்டும். ஐவரும் ஒரே பொருளை, ஒரே இடத்தில், தத்தம் திசையிலிருந்து கண்டார்களாயின், 1838 இல் தொடங்கிய முயற்சி அன்று நிறைவெய்தியது எனலாம்.